காஷான் கம்பளம், ரஷ்த் மழை

காஷான்
மெஹர் 5, 1349 (ஈரானிய ஆண்டு; 1970 செப்டம்பர்)

என் கண்ணு மலீஹேவுக்கு,

அக்கா தூபா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம். உன் அத்தானுக்கு முழங்கால் வலி. அது எங்கள் கல்யாணத்துக்கு முந்தியே அவரோடு ஒட்டிக்கொண்ட சொந்தம், அதை விடு. அக்தஸ் சமையல் பழகுகிறாள், அதனால் வீட்டில் எல்லோருக்கும் வயிறு கொஞ்சம் சரியில்லை. நீ எப்படி இருக்கிறாய், மாப்பிள்ளை ஃபிரூஸ் எப்படி, உன் மாமியார் நெஸா கானும் எப்படி என்று தனித்தனியாக எழுது. எல்லோரும் சௌக்கியம் என்று ஒரே வரியில் முடிக்காதே.

கம்பளத்தை நேற்று லாரியில் ஏற்றிவிட்டோம். சாக்கில் சுற்றி இரண்டு கயிறு போட்டிருக்கிறது. சின்ன விரிப்புகள் நாலும் அதற்குள்ளேயே இருக்கின்றன. முப்பத்தொரு வயதில் கல்யாணம் செய்துகொண்டு ஊர்விட்டு ஊர் போனவள் வெறுந்தரையில் உட்கார்ந்தாள் என்று ரஷ்த்தில் ஒருத்தி வாயிலும் வரக் கூடாது.

மூன்று வருஷம் ஒரே தறியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நாம் முடிச்சுப் போட்ட கம்பளம் அது. இடது பாதி நான், வலது பாதி நீ. உனக்கு அப்போது பதினொரு வயது. என் முடிச்சு இறுக்கம், உன் முடிச்சு தளர்வு, அதனால்தான் இன்றைக்கும் ஒரு பக்கம் லேசாக இழுத்துக்கொண்டு கிடக்கிறது. என் பாதியையும் சேர்த்து உனக்கே கொடுத்துவிட்டேன். ஒரே ஒரு நிபந்தனை: அக்தஸின் நிக்காஹ் அன்று அது காஷானுக்கு வர வேண்டும். மணமக்களுக்கு எதிரே வைக்கிற கண்ணாடிக்கு முன்னால் என் பெண் அதன்மேல்தான் உட்கார வேண்டும். மறுநாளே திருப்பி அனுப்பிவிடுவேன்.

இனி விரிக்கும் முறை. முதலில் ஜமக்காளம். அதன்மேல் ஆட்டு மயிரை அழுத்திச் செய்த தடித்த விரிப்பு, ஒரு சுருக்கம் இல்லாமல். அதன்மேல் நம் பெரிய கம்பளம். என் பாதி வாசலுக்கு எதிர்ச் சுவர்ப் பக்கம் இருக்கட்டும், பெரியவர்கள் உட்காரும் இடம் அதுதானே. அதன்மேல் நீல விரிப்பு, எதிர்ச் சுவரை ஒட்டி. சிவப்பு விரிப்பு அதன் ஓரத்தை ஒரு சாண் மூடிக்கொண்டு. மற்ற இரண்டும் இரண்டு பக்கமும். சுவரோரம் திண்டுகள். பெரிய கம்பளத்தின் கரை மட்டும் மற்ற மூன்று பக்கமும் ஒரு முழம் தெரிய வேண்டும். வந்தவள் கீழே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க வேண்டும், ஆனால் மிதிக்கக் கூடாது. விரித்து முடித்தபின் தொடாதே, அது தானாகப் படிந்துகொள்ளும்.

நெஸா கானுமுக்கு என் மரியாதைகள். பதில் சீக்கிரம் வரட்டும்.

உன் அக்கா,
தூபா

*

ரஷ்த்
மெஹர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் கம்பளமும் ஒரே நாளில் வந்தன. நான் நன்றாக இருக்கிறேன். ஃபிரூஸ் நன்றாக இருக்கிறார். தபால் ஆபீசில் அவரை மேல் மாடிக்கு மாற்றிவிட்டார்கள், ஜன்னல் இருக்கிறது என்று சந்தோஷப்படுகிறார். அத்தை நெஸா கானும் நன்றாக இருக்கிறார். பார், தனித்தனியாக எழுதிவிட்டேன். அத்தானின் முழங்காலுக்கு இங்கே ஒரு எண்ணெய் சொல்கிறார்கள், டீத்தூளோடு சேர்த்து அனுப்புகிறேன்.

நீ எழுதியபடியே விரித்தேன். சாணும் முழமும் அளந்து விரித்தேன். நேற்று அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஒருத்தி, "அடேயப்பா, தோட்டத்த மடிச்சுக் கொண்டாந்துட்டியா?" என்றாள். இன்னொருத்தி குனிந்து நீல விரிப்பின் ஓரத்தைத் தூக்கிக் கீழே பார்த்தாள், நீ சொன்ன மாதிரியே. எனக்குப் பெருமை தாங்கவில்லை. உன் பாதி எது, என் பாதி எது என்று காட்டினேன். "உங்கக்காவோடது கட்டையா வெறைச்சுக்கிட்டு இருக்கு"ன்னு ஒருத்தி சொன்னாள், அதை நான் உனக்கு எழுதவில்லை என்று வைத்துக்கொள்.

அத்தை மட்டும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அழகுதான் மருமகளே. ஆனா உங்க ஊர்ல குளிருச்சின்னா அஞ்சு சட்டையையும் ஒண்ணுமேல ஒண்ணா மாட்டிக்குவீங்களா? இங்க சுவரே வேர்க்கும்மா. அதனாலதான் நாங்க பாய் போடுறோம். வெயிலு தலைகாட்டுற அன்னிக்கெல்லாம் எல்லாத்தயும் தூக்கி வெளிய போட்டுரு."

இங்கே எல்லோரும் அதையே சொல்கிறார்கள், அக்கா. தரை பலகைதான், ஆனால் அடியில் எப்போதும் ஈரம் இருக்கிறதாம். பத்து நாளைக்கு ஒருமுறை தூக்கிக் காயப்போடட்டுமா? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

அக்தஸுக்கு முத்தம்.

உன் தங்கை,
மலீஹே

*

காஷான்
ஆபான் 10

மலீஹே,

டீத்தூள் வந்தது, எண்ணெயும் வந்தது. உன் அத்தான் எண்ணெயை முழங்காலில் தடவாமல் முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். மற்றபடி நாங்கள் நலம். நீங்கள் மூவரும் நலமாக இருப்பீர்கள்.

தூக்காதே. காது கேட்கிறதா? தூக்காதே.

மூன்றுக்கு நாலு மீட்டர்க் கம்பளத்தைப் பத்து நாளைக்கு ஒருமுறை இழுத்து மடித்து வெளியே போட்டால் ஓரம் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா? நீ தறியில் உட்கார்ந்தவள்தானே? மடித்த இடமெல்லாம் கோடு விழும், விளிம்பு பிரியும். வெயிலில் போட்டால் அந்தச் சிவப்பு ஒரே வருஷத்தில் செங்கல் நிறம் ஆகிவிடும். இந்த ஊரில் எத்தனை வீட்டில் இருபது வருஷமாகத் தூக்காத கம்பளம் இருக்கிறது, நான் விரல்விட்டு எண்ணட்டுமா?

உன் மாமியார் நல்லவர், வயதில் பெரியவர், நான் ஒன்றும் சொல்லவில்லை. மீன் வாங்குவதில் சந்தேகம் வந்தால் அவரைக் கேள். அரிசியில் கேள், மழையில் கேள். கம்பளத்தில் சந்தேகம் வந்தால் என்னைக் கேள். பாயில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள் காஷான்காரிக்குக் கம்பளம் பற்றிப் பாடம் சொல்வதை நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா?

இன்னும் இரண்டு சின்ன விரிப்பு அனுப்பியிருக்கிறேன். குளிர்காலம் வருகிறது, என் பாதியின்மேல் போடு. கட்டையாக இருக்கிறது என்று சொன்னவள் கண்ணில் அது படாமல் இருக்கட்டும்.

கோபம் உன்மேல் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

தூபா

*

ரஷ்த்
ஆஸர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல். இங்கே பதினெட்டு நாளாக விடாத மழை. துணி காய்வதில்லை. உப்பு ஜாடியில் உப்பு தண்ணீராக நிற்கிறது.

விரிப்பு இரண்டும் வந்தன. உன் பாதியின்மேல் போட்டுவிட்டேன். நான் எதையும் தூக்கவில்லை. மழைக்கு முன்னால் ஒருநாள் வெயில் அடித்தது. அத்தை பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து ஒரு முனையைப் பிடித்துவிட்டார். "அத்தை, கை வைக்காதீங்க, எங்கக்கா வேணாம்னு எழுதியிருக்கா"ன்னு சொன்னேன். "உங்கக்கா இந்த வீட்ல வந்து மழைல நின்னிருக்காளா?" என்றார். நானும் சும்மா இல்லாமல், "கம்பளம் நெய்தவங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவர் கம்பளத்தைப் பற்றிப் பேசுவதில்லை. கூடத்துக்கு வந்தால் வாசல் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டுப் போகிறார்.

கூடத்தில் லேசாக ஒரு வாசனை வருகிறது. நனைந்த ஆடு மாதிரி. நீ அனுப்பிய பன்னீரைத் தெளித்துப் பார்த்தேன், கொஞ்ச நேரம் போய்விட்டு மறுபடி வருகிறது.

இன்னொரு விஷயம். எனக்கு மூன்று மாதம் ஆகிறது, அக்கா. முப்பத்தொரு வயதில். டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார். அத்தை கேள்விப்பட்டதும் என்னை ஒரு வாளிகூடத் தூக்க விடுவதில்லை. கோபத்தோடேயே எல்லா வேலையும் செய்கிறார்.

மலீஹே

*

காஷான்
தேய் 2

என் தங்கமே, என் மலீஹே,

உன் கடிதத்தை வாசலில் வைத்தே படித்தேன். கத்தின கத்தில் எதிர்வீட்டுக்காரி என்னமோ சாவு என்று ஓடி வந்துவிட்டாள். அவளையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன், அவளும் அழுதாள். உன் அத்தான் அந்த எண்ணெயை எடுத்து இரண்டு முழங்காலிலும் தடவிக்கொண்டார், குழந்தையைத் தூக்கி விளையாட வேண்டுமாம்! சீமைமாதுளை ஜாம் இரண்டு பாட்டில் அனுப்புகிறேன். ஒன்று உனக்கு, ஒன்று நெஸா கானுமுக்கு. கொடுத்துச் சமாதானம் செய்துகொள்.

வாசனை வாசனை என்று எழுதியிருந்தாயே, அசடே, அது கம்பளம் இல்லை, வயிற்றில் இருக்கிற பிள்ளை! அக்தஸ் வயிற்றில் இருந்தபோது எனக்கு உன் அத்தானே நாறினார். எட்டு மாதம் பக்கத்தில் சேர்க்கவில்லை. கவலைப்படாதே, எதையும் தொடாதே, குனியாதே.

இனி என் சேதி. அக்தஸுக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஓர்திபெஹெஷ்த் 24, வெள்ளிக்கிழமை. ரோஜா பறிக்கிற நேரம், ஊரே மணக்கும். பையன் மருந்துக்கடையில் இருக்கிறான், பல்வரிசை கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கிறது, குணம் தங்கம். சம்பந்தி வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், பெண்ணின் அம்மாவும் சித்தியும் நெய்த கம்பளத்தில்தான் பெண் உட்காருவாள் என்று. அவர்கள் தெருவே வந்து பார்க்கப் போகிறது. புதுவருஷ மாதம் ஃபர்வர்தீன் முடிவதற்குள் அனுப்பிவிடு, இங்கே வந்ததும் ஒருமுறை கழுவி விரிக்கிறேன். நீயும் அதற்கு முன்னால் வந்துவிடு.

வயிற்றைத் தடவிக் கொடு, பெரியம்மா கேட்டாள் என்று சொல்.

தூபா

*

ரஷ்த்
எஸ்ஃபந்த் 12

மரியாதைக்குரிய ஹபீப் அண்ணனுக்கு,

தூபாவின் தங்கை மலீஹே எழுதுகிறேன். நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். பல வருஷமாக எங்கள் வீட்டுக் கம்பளங்கள் கிழிந்தால் இழையோட்டிச் சரிசெய்து கொடுத்தவர் நீங்கள். அந்த உரிமையில்தான் கேட்கிறேன். இந்தக் கடிதத்தை அக்காவுக்குக் காட்டாதீர்கள்.

புதுவருஷத்துக்கு முன்னால் வீட்டையே உதறுகிற வேலை நேற்று ஆரம்பித்தோம். ஆறு விரிப்பையும் ஒவ்வொன்றாக எடுத்தேன். எல்லாம் அடிப்பக்கம் சில்லென்று இருந்தது. பெரிய கம்பளம் மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்தது, நிறம் அப்படியே இருந்தது. ஃபிரூஸும் நானும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மடித்தோம். காய்ந்த அப்பம் உடைகிற மாதிரி சத்தம் கேட்டது, அண்ணா. அக்காவின் பாதியில். மறுபடி மடித்தோம், மறுபடி முறிந்தது. புரட்டிப் பார்த்தால் பின்பக்கம் முழுக்கக் கருப்பும் பச்சையுமாகப் பூத்திருக்கிறது. பருத்தி இழையை விரலால் தொட்டால் பொடியாக வருகிறது. என் பாதியில் அவ்வளவு இல்லை. ஜமக்காளத்தைத் தூக்கவே முடியவில்லை, தரையோடு ஒட்டிவிட்டது.

அத்தை கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் அழுதிருப்பேன்.

அக்தஸின் நிக்காஹுக்கு இது வந்தே ஆக வேண்டும். சரிசெய்ய முடியுமா? அக்காவிடம் டீக்குத் தண்ணீர் கொதிக்கிற சமோவார் கவிழ்ந்துவிட்டது, நான் கவனிக்கவில்லை என்று எழுதப்போகிறேன். தூக்காதே என்று அவள் எழுதின கடிதம் என்னிடம் இருக்கிறது. தன் பாதியைத் தானே கெடுத்துவிட்டோம் என்று தெரிந்தால் அவளால் தாங்க முடியாது. மகள் கல்யாணத்துக்கு முன்னால் அந்த வேதனை அவளுக்கு வேண்டாம். என்னைத் திட்டட்டும், நான் திட்டு வாங்கிப் பழகியவள்தானே.

மலீஹே

*

காஷான்
எஸ்ஃபந்த் 22

தங்கை மலீஹேவுக்கு,

ஆண்டவன் கிருபையால் சுகம். நீ பிள்ளைத்தாச்சி என்று கேள்விப்பட்டோம், உன் அண்ணி சந்தோஷப்பட்டாள்.

நீ எழுதியதைப் படித்ததுமே தெரிந்துவிட்டது. மேலே இருக்கிற கம்பளி தாங்கும், உள்ளே ஓடுகிற பருத்தி தாங்காது. அடியில் ஈரம், மேலே ஆறு விரிப்பு, காற்று எங்கே போகும்? புழுங்கி இற்றுவிட்டது. காஷானில் நானும் இப்படித்தான் அடுக்கி வைத்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. இங்கே காற்றே வறண்டது. அந்த ஊரில் செய்யலாமா என்று யாராவது யோசித்திருக்க வேண்டும்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஓர்திபெஹெஷ்துக்குள் முழுசாகச் சரியாகாது. இற்ற இடத்தை வெட்டி எடுத்துப் புதிதாகப் பாவு நூல் கோத்து முடிச்சுப் போட்டால் ஒரு வருஷ வேலை. இப்போதைக்குப் பின்னால் கெட்டித் துணி வைத்துத் தைத்து, முறிந்த இடத்தை நிறுத்தி வைக்கலாம். ஒருநாள் விரித்து எடுக்கத் தாங்கும். ஆனால் ஓட்டை தெரியும். மடிக்காமல் உருளையில் சுற்றி அனுப்பு.

நான் தூபாவிடம் பொய் சொல்ல மாட்டேன், அவளுக்கு எதிரில் எனக்குப் பொய் வராது. கேட்டால் வாயைத் திறக்காமல் டீ குடித்துக்கொண்டிருப்பேன். அவ்வளவுதான் என்னால் முடியும். ஆனால் அவள் நெய்கிறவள் மலீஹே, புரட்டிப் பார்க்கத் தெரிந்தவள். யோசித்துச் செய்.

ஹபீப்

*

ரஷ்த்
ஃபர்வர்தீன் 10, 1350

அன்புள்ள அக்காவுக்கு,

புதுவருஷம் உனக்கும் அத்தானுக்கும் அக்தஸுக்கும் நல்லபடியாக விடிந்திருக்கும். நாங்கள் நலம். குழந்தை உதைக்கிறது. இங்கே பண்டிகைக்குச் சோறும் புகையிட்ட மீனும் செய்தோம். அத்தைதான் மீன் வாங்கினார், ஒரு முள் தொண்டையில் குத்தவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். எப்படி எழுதுவது என்று நாலு காகிதம் கிழித்துவிட்டேன். பண்டிகை வேலை அவசரத்தில் கூடத்தில் சமோவார் கவிழ்ந்துவிட்டது. தண்ணீர் விரிப்புகளுக்கு அடியில் போய்விட்டது, நான் சரியாகத் துடைக்கவில்லை. பல நாள் கழித்துத்தான் பார்த்தேன். உன் பாதி கெட்டுவிட்டது, அக்கா. முழுக்க என் கவனக்குறைவு. வேறு யாருடைய தப்பும் இல்லை. ஹபீப் அண்ணனுக்கு அனுப்புகிறேன், முடிந்தவரை செய்து தருவார்.

பஸ்ஸில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிக்காஹுக்கு என்னால் வர முடியாது. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மலீஹே

*

காஷான்
ஃபர்வர்தீன் 22

மலீஹேவுக்கு,

கடிதம் வந்தது.

மூன்று வருஷம் என் விரல் நுனி வெடித்து ரத்தம் வந்த கம்பளம். சமோவார் கவிழ்ந்தால் அப்பவே தூக்கித் துடைக்க வேண்டும் என்று ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். பல நாள் கழித்துப் பார்த்தாளாம்! உன்னை நம்பி என் பாதியையும் கொடுத்தேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். சம்பந்தி வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்வது?

நீ வர வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள். அனுப்புவதை அனுப்பு.

தூபா

*

ரஷ்த்
ஓர்திபெஹெஷ்த் 1

அக்காவுக்கு,

நலம் வேண்டுகிறேன். கம்பளம் நேற்று லாரியில் புறப்பட்டது. அத்தையும் ஃபிரூஸும் சேர்ந்து உருளையில் சுற்றினார்கள், என்னைத் தொட விடவில்லை. அத்தை நடுவில் பழைய துணி வைத்துச் சுற்றிவிட்டு, "இத ஏன் நீயே சுமக்குற?" என்று கேட்டார். கம்பளத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "நான் எங்க சுமக்குறேன், நீங்கதான தூக்குறீங்க" என்றேன். அவர் கயிற்றை இன்னொரு சுற்று இறுக்கிக் கட்டினார்.

கூட ஒரு பொட்டலம் இருக்கிறது. அக்தஸுக்கு வெள்ளைப் பட்டுத்துணி, அத்தை கொடுத்தது. நான் கொடுத்தது மணக்கோலத்துக்கு வெள்ளைக் கையுறை. பெண்ணுக்கு என் ஆசீர்வாதம்.

மலீஹே

*

காஷான்
ஓர்திபெஹெஷ்த் 28

மலீஹே, என் மலீஹே,

நாங்கள் எல்லோரும் நலம். அக்தஸ் நலம், மாப்பிள்ளை நலம், உன் அத்தான் நிக்காஹில் ஆடினார், இப்போது படுத்திருக்கிறார். நீ எப்படி இருக்கிறாய்? வயிறு இறங்கிவிட்டதா? கால் வீங்குகிறதா? முதலில் இதற்குப் பதில் எழுது, பிறகு மற்றதைப் படி. இல்லை, படித்துவிட்டே எழுது.

நிக்காஹுக்கு ஐந்து நாள் முன்னால் ஹபீப் கடைக்குப் போனேன். அவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடித்தான். காலிக் கிளாஸிலிருந்து குடித்தான், பார்த்துக்கொள். "என்னடா, வாய்ல என்ன கொழுக்கட்டையா?" என்றேன். அப்போதும் திரும்பவில்லை. நானே கம்பளத்தைப் புரட்டினேன்.

சமோவார் தண்ணீர் ஒரு இடத்தில் விழும், வட்டமாகக் கறை வைக்கும். இது அது இல்லை. நீல விரிப்பு கிடந்த இடம் ஒரு கருப்பு. சிவப்பு விரிப்பு அதன்மேல் ஒரு சாண் ஏறின இடம் அதைவிடக் கருப்பு. நான் பிறகு அனுப்பின இரண்டும் கிடந்த இடத்தில் விரலே உள்ளே போகிறது. சுவரோரம் திண்டு இருந்த வரிசை தனியாகத் தெரிகிறது. கரை மட்டும் ஒரு முழம், மற்ற மூன்று பக்கமும், புதிது மாதிரி இருக்கிறது. நான் காகிதத்தில் எழுதி அனுப்பினது அப்படியே அச்சாக விழுந்திருக்கிறது, மலீஹே. என் கையெழுத்தைப் படிக்கிற மாதிரி படித்தேன்.

வீட்டுக்கு வந்து உன் பழைய கடிதங்களை எடுத்தேன். மெஹர் மாதமே கேட்டிருக்கிறாய். ஆஸர் மாதம் வாசனை வருகிறது என்று எழுதியிருக்கிறாய். அதற்கு நான் என்ன பதில் எழுதினேன் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதை நினைத்தால் நெஞ்சு எரிகிறது. ஃபர்வர்தீனில் எழுதினதை நினைத்தால் இன்னும் எரிகிறது. அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. கிழித்தேன் என்று எனக்கு எழுது.

ஏன்டி பொய் சொன்னாய்? ஏழு மாத வயிற்றோடு என் திட்டையும் வாங்கிக்கொண்டு, உன் மாமியாரிடமும் தலை குனிந்துகொண்டு! எனக்காகத்தான் என்று தெரிகிறது. தெரிந்ததால்தான் அன்றைக்கு முழுக்க ஒருவாய் இறங்கவில்லை.

நிக்காஹ் அன்று காலையில் கம்பளத்தை விரித்தோம். ஹபீப் பின்னால் துணி வைத்துத் தைத்திருந்தான். என் பாதியில் இரண்டு பெரிய ஓட்டை, நாலைந்து சின்னது. என் நாத்தனார் ஓடிப்போய் ஒரு பச்சை விரிப்பை எடுத்து வந்து ஓட்டைமேல் போட்டாள். "மேல போட்டுட்டா யாருக்குத் தெரியும்? நம்ம வழக்கம்தானே?" என்றாள். நான் அதை எடுத்துச் சுருட்டி வெளியே வைத்தேன். அவள் மறுபடி கொண்டு வந்தாள். "கை வச்சே, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றேன். அக்தஸ் என்னைப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அவள் முழங்காலுக்குப் பக்கத்திலேயே ஓட்டை.

சம்பந்தி வீட்டுப் பெண்கள் வந்தார்கள். கண் எல்லாம் அங்கேதான். கடைசியில் மாப்பிள்ளையின் அத்தை கேட்டேவிட்டாள்: "என்ன தூபா கானும், எலி கடிச்சிருச்சா? உங்க தங்கச்சி பாத்துக்கலயா?"

கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்: "எலியும் இல்ல, தங்கச்சியும் இல்ல. நான்தான். ரஷ்த்ல ஈரம், தூக்கிக் காயப்போடட்டுமான்னு அவ கேட்டா. அவ மாமியாரும் சொன்னாங்க. நான் பெரிய கம்பளக்காரின்னு, தொடாதேன்னு எழுதினேன். என் பேச்சக் கேட்டதுதான் அவ செஞ்ச தப்பு."

பிறகு ஒரு கிழவி, "பொண்ணு அழகா இருக்கா" என்றாள், குலவை போட்டார்கள், நிக்காஹ் நடந்தது. வாழ்வு இனிக்கட்டும் என்று சர்க்கரைக் கட்டியை அக்தஸ் தலைக்குமேல் உரசினபோது தூள் எல்லாம் அந்த ஓட்டைக்குள்தான் விழுந்தது. எறும்பு வந்துவிட்டது.

நான் அடுத்த மாதம், கொர்தாத் முதல் வாரம் அங்கே வருகிறேன். பிரசவம் வரைக்கும் இருப்பேன், அதற்கு அப்புறமும் இருப்பேன். கம்பளத்தையும் கூடவே கொண்டு வருகிறேன், நூலும் கம்பளி இழையும் ஹபீப் கட்டிக் கொடுத்துவிட்டான். என் பாதியை உன் கூடத்தில் உட்கார்ந்து நானே மறுபடி முடிச்சுப் போடுவேன். எத்தனை மாதம் ஆனாலும் ஆகட்டும், உன் அத்தான் சமைத்துச் சாப்பிடட்டும்.

இனி வருகிறதை நெஸா கானுமுக்கு நீ சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். விழுங்காமல் படி.

நெஸா கானும், தூபா எழுதுகிறேன். என் தங்கை உங்களை எதிர்த்துப் பேசினாள் என்றால் அந்த வார்த்தை என்னுடையது. உங்கள் வீட்டை நான் பார்த்ததில்லை, உங்கள் மழையில் நின்றதும் இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். நான் வரும்போது கம்பளத்தை எந்த இடத்தில் விரிக்க வேண்டும், அடியில் பாய் போட வேண்டுமா, எத்தனை நாளுக்கு ஒருமுறை தூக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

தூபா